மல்பெரி இலையும் நீரஜாவின் அண்ணாவும்

நீரஜாவுக்கு எதைப் பார்த்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்யாணப் பந்தியில் எல்லோரும் பாதாம் கீர் பிரமாதம் என்று பாராட்டிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல பாதாம் பேருக்குத்தான். முந்திரியும் மஞ்சக் கலரும்" என்பாள். பக்கத்து இலை மாமிக்கு அதற்குமேல் கீர் தொண்டையில் இறங்காது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவளிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? மிளகாய்த் தூளில் செங்கல், தேனில் சர்க்கரைப் பாகு, நெய்யில் வனஸ்பதி என்று மனிதர்கள் செய்கிற அத்தனை தில்லுமுல்லும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அதனால் யாரையும் சட்டென்று நம்ப மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஒருவரை. அங்கேதான் சறுக்கினாள்.

அந்த ஒருவர் அவளுடைய அண்ணா வேதாந்தம். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடியின் முதல் தளத்தில் அண்ணாவும் தங்கையும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பதைச் சொந்தபந்தங்கள் ஒருவழியாக நிறுத்திவிட்டார்கள். வேதாந்தம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைத் திருத்தாமல் விட மாட்டார். பேப்பரில் கூட்டல் தப்பாக வந்திருந்தால் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் மடித்து வைப்பார்.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் மண்ணாங்கட்டி என்று ஒருவர் உண்டு. முதலில் பிறந்த குழந்தைகள் தங்காமல் போனதால், இதுவாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவருடைய அம்மா வைத்த பெயர். வேதாந்தம் வாசலில் தலையைக் காட்டினால் போதும், "இன்னா அய்யரே, எங்க கெளம்பிட்ட?" என்று குரல் கொடுப்பார். "அய்யர் இல்லேப்பா, அய்யங்கார்" என்று வேதாந்தம் திருத்துவார். "சர்தான் அய்யரே" என்பார் மண்ணாங்கட்டி. வருஷக்கணக்காக இதே கூத்து. இரண்டு பேருக்கும் அது அலுக்கவில்லை.

வேதாந்தத்துக்கு வெகுகாலமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையோடு ஓட்டிக்கொண்டிருந்தார். போன புரட்டாசியில் டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இன்சுலின்தான் சார்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் பாதி ஆளாகிவிட்டார். வலிக்குமே என்ற பயம் இல்லை. விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதை, மோட்டுவளையைப் பார்த்தபடி, அவரே செய்துகொள்வார். பயம் வேறு. அவர்களுடைய அப்பாவுக்கு இன்சுலின் போட ஆரம்பித்த வருஷம் கால் போயிற்று, அடுத்த வருஷம் அப்பாவே போய்விட்டார். அந்தக் காலத்துக் கண்ணாடி சிரிஞ்சைத் தினமும் கொதிக்க வைத்து எடுத்துக் கொடுத்தது, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வேதாந்தம்தான்.

"ஊசி போட ஆரம்பிச்சா அவ்வளவுதாண்டி நீரஜா" என்றார் அன்றைக்குச் சாயங்காலம். சாப்பிடக்கூட வரவில்லை.

ஊசியால் அப்பாவின் கால் போகவில்லை, ஊசி தாமதமானதால்தான் போயிற்று என்று நீரஜாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அண்ணாவின் முகத்தைப் பார்த்தபோது வாயில் வந்தது வேறு. "உனக்கு ஊசி வராம நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாதுதான். கூடப் பிறந்தவளாக இருந்து அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

இந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் ஜவஹர். தி.நகரில் பட்டுப் புடவைக் கடை வைத்திருப்பவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பேச்சில் அது இன்னும் மிச்சம் இருக்கிறது. பட்டு விஷயமாக ஓசூர்ப் பக்கம் போனவர், பட்டுப்புழு தின்கிற மல்பெரி இலையையே பொடி பண்ணி ஜனங்களுக்கும் விற்றால் என்ன என்ற யோசனையோடு திரும்பியிருந்தார். ஜப்பானிலும் கொரியாவிலும் அதைத் தேநீராகக் குடிக்கிறார்கள் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். பட்டு வியாபாரிக்குப் புடவையும் லாபம், புழுவின் சாப்பாடும் லாபம் என்றால் கசக்குமா?

"மேடம், இதுல என்னென்ன சத்து இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. பாக்கெட்ல 'சர்க்கரை நோய் தீரும்'னு போடணும்லா" என்று ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதை மூட்டையிலேருந்து எப்படி எடுத்தீங்க?"

"பிரிச்சேன், மேலாப்புல ஒரு கை அள்ளினேன்."

நீரஜா பொட்டலத்தை அவர் பக்கமே நகர்த்தினாள். மேலே ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை என்று தனித்தனியாகக் கொண்டுவரச் சொன்னாள். ஜவஹர் முணுமுணுத்துக்கொண்டே போய், மறுநாள் மூன்று பொட்டலங்களோடு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. மேலே இருந்தது கொழுந்து இலை, இளம்பச்சை. அடியில் இருந்தது முற்றிப் பழுத்துக் காம்போடு காய்ந்த சருகு.

"எங்கிட்ட புடவை வாங்கினவங்களுக்கு நான் இப்படிச் செஞ்சிருந்தா..." என்று பல்லைக் கடித்தார்.

"விக்கிறவனுக்கு மேலே எதை வைக்கணும்னு தெரியும் சார். மேலே இருக்கிறதை மட்டும் பாக்கிறவன் ஏமாறுவான். அடி வரைக்கும் கையை விட்டுப் பாக்கறதுதான் எங்க தொழில்" என்றாள் நீரஜா. அந்த வார்த்தை பிற்பாடு தன்னையே சுற்றி வந்து பிடிக்கும் என்று அவள் கண்டாளா?

கொழுந்தாகப் பறித்து நிழலில் உலர்த்திய இலை அடுத்து வந்தது. அதை அவள் ஆசையோடு பிரித்துப் பார்த்தாள். உலர்ந்த இலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போட்டால் பால் ஏன் கூடுகிறது என்பதற்கு அதுவே பதில். அப்புறம் நார்ச்சத்து, எலும்புக்கு வேண்டிய கால்சியம், பொட்டாசியம், கொஞ்சம் இரும்பு. கசப்பும் துவர்ப்பும் தருகிற ருடின், குவர்சிட்டின் வகையறா; காப்பிக்கொட்டையில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம். இவையெல்லாம் முருங்கைக் கீரையிலும் மற்ற கீரையிலும் ஏறக்குறைய உண்டு. மல்பெரியை மல்பெரியாக்குவது வேறொன்று. டி.என்.ஜே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கிலோ இலையைப் பிழிந்தால் ஒரு கிராம், தப்பினால் இரண்டு கிராம். அதைக் கருவி தானாகக் கண்டுபிடிக்காது. இன்னொரு ரசாயனத்தை அதன் முதுகில் ஒட்டிவிட்டால்தான் திரையில் தலை காட்டும். அது தலை காட்டியபோது, கோடு குத்தென்று மேலே ஏறியபோது, நீரஜா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் கலப்படத்தைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அலுத்தவளுக்கு, இருக்க வேண்டிய ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதைப் பார்ப்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அது என்ன செய்யும் மேடம்?" என்று கேட்டார் ஜவஹர்.

"உங்க கடை வாசல்ல பில்லைப் பார்த்து ஓட்டை போட்டு வெளியே விடறாரே ஒருத்தர், அவரை நெனச்சுக்குங்க. நாம சாப்பிடற வெள்ளைச் சர்க்கரை, சோறு எல்லாம் குடல்ல அப்படி ஒரு ஆள்கிட்ட நின்னு, பிரிச்சு விட்டாத்தான் ரத்தத்துக்குள்ள போக முடியும். இந்த டி.என்.ஜே. பாக்கறதுக்கு அசல் குளுக்கோஸ் மாதிரியே இருக்கும். ஆனா போலி. பில் மாதிரி ஒரு காகிதத்தை நீட்டிண்டு அந்த ஆளை மடக்கி நிறுத்திடும். பின்னால வரிசை நகராது. சர்க்கரை மெதுவா, தாமதமாத்தான் உள்ளே போகும்."

"எங்க கடைப் பசங்க அந்த வரிசையில நிக்க மாட்டாங்கல்லா? அவங்களுக்குப் பில் கெடையாது, நேரா போயிருவாங்க."

"அது குளுக்கோஸ். அதைப் பிரிக்க வேண்டியதில்லை. அதை இந்த இலையால தடுக்க முடியாது" என்று சிரித்தாள் நீரஜா.

இன்னொன்றும் சொன்னாள். மல்பெரி இலையின் பால் மற்றப் புழுக்களுக்கு விஷம். பட்டுப்புழு மட்டும் அதைத் தாங்குகிற வயிற்றோடு பிறந்திருக்கிறது. "அதனால 'தீரும்'னெல்லாம் போடாதீங்க. என்ன இருக்குங்கறதை மட்டும் போடுங்க. யார் சாப்பிடறாங்கன்னு நமக்குத் தெரியாது." ஜவஹர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பெரிய பாக்கெட்டை அவளுக்கென்று வைத்துவிட்டுப் போனார்.

அதை அவள் ஆத்துக்குக் கொண்டுவந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஸ்பூன் பொடியை வெந்நீரில் கலந்து கொடுத்தாள். வேதாந்தம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். "மாட்டுக்கொட்டாய் வாசனை வர்றதுடி" என்றார். நாலைந்து நாளில் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால் எண் அடக்கமாக இருந்தது. வேதாந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டத்துக்கெல்லாம் மல்பெரி மகாத்மியம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கூட நடக்கிற பத்ரிநாராயணன் என்ற சிநேகிதருக்கு, டி.என்.ஜே.யின் வேஷத்தைப் புல்தரையில் குச்சியால் படம் போட்டுக்கூட விளக்கினார். பழையபடி பேப்பரில் கணக்குத் திருத்தினார். திருக்கண்ணமுது என்கிற பாயசம் பண்ணுகிற நாளில் ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டார். "இலை பாத்துக்கும்" என்றார்.

நீரஜாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. "டாக்டர்கிட்ட இந்தப் பொடியைப் பத்திச் சொன்னியோ?" என்று ஒருநாள் கேட்டாள். "சொல்லாம இருப்பேனா?" என்றார் வேதாந்தம். அவர் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மூன்று பொட்டலம் கொண்டுவா என்று ஜவஹரைத் திருப்பி அனுப்பியவள்தான். ஆனால் அண்ணா காட்டுகிற எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மார்கழி வந்தது, வைகுண்ட ஏகாதசியும் வந்தது. வழக்கமாக வேதாந்தம் அன்றைக்குப் பாலும் பழமுமாக ஒப்பேற்றுவார். இந்தத் தடவை இலை கொடுத்த தைரியத்தில், "சுத்த உபவாசம் இருக்கப் போறேன். இலைத் தீர்த்தம் மட்டும்தான்" என்று அறிவித்தார்.

"மாத்திரை?"

"மாத்திரை அன்னமா என்ன? அதைப் போட்டுண்டுடுவேன். டாக்டர்கிட்ட கேட்டாச்சு."

நீரஜா நம்பினாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். வேதாந்தம் விடியுமுன் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, தினமும் டிபனோடு போட்டுக்கொள்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு வேறு ஒன்றும் இல்லையே என்று ஒரு ஸ்பூனுக்கு மூன்று ஸ்பூனாக இலைப்பொடியைக் கலந்து குடித்தார். இரண்டு பேரும் கேசவப் பெருமாள் கோவிலுக்குப் போனார்கள். பரமபத வாசல் திறந்து, கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து, சேவித்துவிட்டு வெளியே வரும்போது வெயில் ஏறிவிட்டது. வேதாந்தம் வாயே திறக்காமல் நடந்தார். பெருமாளைச் சேவித்த பரவசம் என்று நினைத்துக்கொண்டாள் நீரஜா.

வீதி முனையில் மண்ணாங்கட்டி ஆட்டோவோடு நின்றிருந்தார். "இன்னா அய்யரே, பெருமாள பாத்துட்டியா?"

வேதாந்தம் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நீரஜா சட்டென்று நின்றாள். உலகமே இடிந்து விழுந்தாலும் அண்ணா அதைத் திருத்தாமல் விட மாட்டாரே! திரும்பிப் பார்த்தாள். மார்கழிக் குளிரில் அவருடைய அங்கவஸ்திரம் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "அண்ணா" என்று தோளைத் தொட்டாள். "அம்மா எங்கேடி? உள்ளேயே இருக்காளா?" என்றார் வேதாந்தம். அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. முழங்கால் மடங்கி, மூடியிருந்த ஒரு கடையின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கூடிவிட்டது. பின்னாலேயே வந்துகொண்டிருந்த பத்ரிநாராயணன் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "சர்க்கரை எறங்கிடுத்து. யாராவது கல்கண்டு கொண்டாங்கோ" என்று கத்தினார். ஒரு மாமி பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். "இன்னிக்கு ஏகாதசி" என்று வேதாந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிரசாதம் ஓய், தோஷமில்லை" என்று பத்ரிநாராயணன் அவர் வாயில் ஒரு பிடி கல்கண்டைப் போட்டு, கரையும்வரை பிடித்துக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். இதோ தெளிந்துவிடுவார், இதோ என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். வேதாந்தம் தெளியவில்லை. தலை தொங்க ஆரம்பித்தது. கை நடுங்கிற்று. இன்னொரு பிடி போட்டார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது கூட்டத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மாட்டிக்கொண்டு அலறுவது கேட்டது.

நீரஜா அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் ஏறவில்லை? கல்கண்டு சர்க்கரைதானே? வாயில் போட்டால் ஏற வேண்டாமா?

சர்க்கரை. பிரித்து விட்டால்தான் உள்ளே போகும் சர்க்கரை. பிரிக்க வேண்டிய ஆளைத்தான் மூன்று ஸ்பூன் இலை மடக்கி நிறுத்தியிருக்கிறதே! நிறுத்தியது யார்? அவள்தானே ஆத்துக்குக் கொண்டுவந்து தன் கையால் கலந்து கொடுக்க ஆரம்பித்தாள்?

"மண்ணாங்கட்டி! மெடிக்கல் ஷாப்புல குளுக்கோஸ் பொடி வாங்கிண்டு வாங்கோ, ஓடுங்கோ!"

"இன்னாமா, அதான் கல்கண்டு குட்த்துக்கினு கீறாங்களே?"

"அது வேலை செய்யாது. குளுக்கோஸ்தான் வேணும். ஓடுங்கோன்னா!"

மண்ணாங்கட்டி அப்புறம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆட்டோவை அந்தக் கூட்டத்தில் நகர்த்த முடியாது என்று அதை அப்படியே போட்டுவிட்டுச் செருப்புகூட இல்லாமல் ஓடினார். ஓடியதுபோலவே திரும்பியும் வந்தார். நீரஜா யாரோ நீட்டிய டம்ளரில் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி அண்ணாவின் உதட்டில் வைத்தாள். வேதாந்தம் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். டம்ளரைத் தட்டிவிடப் பார்த்தார். "உபவாசம்... மாட்டேன்... போடி" என்று குழறினார். பத்ரிநாராயணன் தாடையைப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. கணக்குத் தெரியவில்லை, அம்மா செத்தது தெரியவில்லை, ஆனால் ஏகாதசி மட்டும் தெரிந்திருந்தது அந்த மனிதருக்கு.

நீரஜா டம்ளரைக் கீழே இறக்கினாள். பிறகு அர்ச்சகர் சொல்கிற அதே நிதானத்தில், "அண்ணா, பெருமாள் தீர்த்தம்" என்றாள்.

வேதாந்தத்தின் வலது கை தானாக நீண்டது. உள்ளங்கை குழிந்தது. ஐந்து வயதிலிருந்து நீட்டிய கை. நடுக்கத்தோடுதான், ஆனாலும் ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கி உறிஞ்சினார். மூன்று தடவை வாங்கிவிட்டுக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், கை மடிந்துவிட்டது. தீர்த்தம் என்றால் மூன்று தடவை.

டம்ளர் இன்னும் நிறைய இருந்தது.

"தாயார் சன்னிதி தீர்த்தம், அண்ணா" என்றாள். கை மறுபடியும் நீண்டது. மூன்று தடவை. "ஆண்டாள் சன்னிதி." மூன்று தடவை. "பேயாழ்வார் சன்னிதி." பிறகு ராமர், சக்கரத்தாழ்வார், அனுமார். அந்தக் கோவிலில் இல்லாத சன்னிதிகளைக்கூட அவள் அன்றைக்கு வீதியில் கட்டினாள். பத்ரிநாராயணன், நீரஜாவுக்குப் பெயர்கள் தீர்ந்துபோய்த் திணறியபோது, "கருடன், கருடன்" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

டம்ளர் காலியாயிற்று. சற்று நேரத்தில் கை நடுக்கம் குறைந்தது. முகத்தில் ரத்தம் வந்தது. மண்ணாங்கட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, "அய்யரே, இன்னா அய்யரே இப்டி பண்ட்ட? எதுனா பேசு அய்யரே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வேதாந்தம் கண்ணைச் சிமிட்டி அவரைப் பார்த்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அய்யர் இல்லேப்பா. அய்யங்கார்."

"சர்தான் அய்யரே" என்று சொன்ன மண்ணாங்கட்டி, காக்கிச் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீரஜா அதைப் பார்த்துத் தானும் அழுதாள். முப்பது வருஷ வேலையில் எந்தத் திரையில் எந்தக் கோடு ஏறியபோதும் அவளுக்கு இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டினார். "மாத்திரையை வெறும் வயித்துல போட்டதுதான் முதல் குத்தம். கல்கண்டு ஏறாததுக்கு உங்க இலைதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நீங்க குளுக்கோஸ் குடுத்தது ரொம்பச் சரி" என்றார். பிறகு பரிசோதனைக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று மாதச் சராசரி இறங்கவே இல்லை. காலையில் எழுந்ததும் பார்க்கிற சர்க்கரை எக்கச்சக்கம்.

"ஆத்துல பாத்தப்போ நன்னா இருந்துதே!" என்றாள் நீரஜா.

"எப்பப் பார்த்தீங்க?"

வேதாந்தம் தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார். இலைத் தண்ணீர் குடித்துச் சாப்பிட்ட பிறகு மட்டும்தான் பார்த்திருக்கிறார். காலை எண் பிடிக்கவில்லை, அதனால் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கணக்கு வாத்தியார் தனக்கு வேண்டிய எண்ணை மட்டும் எடுத்துக் கூட்டியிருக்கிறார். நீரஜாவுக்கு அண்ணாமேல் கோபம் வரவில்லை. மூட்டையின் மேலாப்பில் ஒரு கை அள்ளியவள் அவள்தானே. அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லையே. வெட்கமாக இருந்தது.

"அந்த மாத்திரை வேண்டாம். இலையும் இப்போதைக்கு வேண்டாம். தினம் காலையில ஒரு சின்ன ஊசி" என்றார் டாக்டர்.

மறுவாரம் அவள் ஜவஹருக்குப் போன் செய்து, பாக்கெட்டில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னாள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது என்று ஒன்று. சர்க்கரை திடீரென்று இறங்கினால் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும் என்று இன்னொன்று. "புடவைமேலயே சாயம் போகும்னு எழுதி ஒட்டச் சொல்லுதீங்களே மேடம்" என்று ஜவஹர் அலுத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னதும் அந்த இரண்டு வரியையும் மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "எழுத்துப் பெருசா இருக்கணும்லா?" என்று கேட்டார்.

முதல் ஊசி அன்றைக்குக் காலை, வேதாந்தம் கூடத்து ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடியில் பிரிக்காமல் கிடந்தது. நீரஜா பேனா மாதிரி இருக்கிற ஊசியில் அளவைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள். ஏகாதசியைப் பற்றி அதுவரை இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"இது எந்த சன்னிதிடி?" என்றார் வேதாந்தம்.

நீரஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் தெரிந்திருக்கிறது மனிதருக்கு. இன்னொரு சன்னிதி கட்டுவது அவளுக்குக் கஷ்டமில்லை. அண்ணாவும் அதற்குத்தான் இடம் கொடுக்கிறாரோ என்று தோன்றியது.

"சன்னிதி ஒண்ணும் இல்லே அண்ணா. இன்சுலின்."

"ஊசி வராம பாத்துக்கறேன்னு சொன்னியே."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். உன்னைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கணும்."

வேதாந்தத்துக்கு அதில் திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. பனியனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தார். நீரஜா அவருடைய வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி செய்து, மெதுவாக எண்ணிவிட்டு ஊசியை எடுத்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணா" என்று நீரஜா பேனாவை மூடிவிட்டு, இட்லித் தட்டை எடுத்துவர உள்ளே போனாள்.